கால் கழுவும் தண்ணீர்

பெரிய வியாழன் பூசையில், இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததன் நினைவாக, பங்குச் சாமியார் கால் கழுவப்போகும் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் வருவார்கள். ஜொவிட்டா டீச்சர் இரண்டு முறை கழுவிப் பவுடரும் பூசியிருக்கிறார். பக்கத்து நாற்காலியில், மயிலாப்பூர்த் தெருக்களைக் கூட்டும் டெல்பின், "வேலைலேர்ந்து நேரா வந்துட்டேன் ஃபாதர், காலெல்லாம் மண்ணா கீது" என்று புடவையை இழுத்துக் காலை மறைக்கப் பார்க்கிறாள். மண்டியிட்டிருக்கும் சாமியார் அந்தக் காலைக் கையில் ஏந்தித் தண்ணீர் ஊற்றுகிறார். வெள்ளைப் பேசினுக்குள் மண் கரைந்து பழுப்பாகப் பரவுகிறது. பாட்டு நின்றுபோய், மின்விசிறிகளின் சத்தம் மட்டும் கேட்கிறது. அடுத்தது ஜொவிட்டா. பூசைக்கு உதவும் உபதேசியார் காஸ்பர் வேறொரு பேசினைத் தூக்கிக்கொண்டு அவசரமாக வருகிறார். அதன் காலியான அடியில் மெழுகுவத்தி வெளிச்சம் ஆடுகிறது. டெல்பின் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறாள். அந்தக் குனிவை ஜொவிட்டா பார்க்கிறார். "இதுவே போதும், உபதேசியாரே." பவுடர் பூசிய காலைக் கலங்கிய தண்ணீருக்குள் இறக்கி வைக்கிறார். வெதுவெதுப்பாக இருக்கிறது. அப்போது கிறீச்சென்று ஒரு சத்தம். பன்னிரண்டு பேரில் ஒருவரான, முப்பது வருஷத்துக்கு முன் ஜொவிட்டாவிடம் ஏழாம் வகுப்புப் படித்த டெரன்ஸ், பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு, தன் நாற்காலியை அந்தப் பேசின் பக்கம் இழுத்துப் போடுகிறார்.