ஊஞ்சலில் இருந்து விழுந்த பாப்பா

"போதும்ப்பா, பயமா இருக்கு!" என்று ஊஞ்சலில் இருந்து கத்தினாள் மகிழினி. அவள் அப்பா தணிகாசலம் சிரித்துக்கொண்டே இன்னும் ஒருமுறை வேகமாகத் தள்ளினார். ஆறு வயதுக் குழந்தை இடது கையை ஊன்றி விழுந்தாள். முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்தது.

அறுவை சிகிச்சை முடிந்து டாக்டர் ரெஹானா வெளியே வந்தார். "ரெண்டு கம்பி வெச்சு எலும்பைச் சேர்த்தாச்சு. விரல் நல்லா அசையுது. பயம் தங்கிடக் கூடாதுன்னு, விழுந்த ஞாபகத்தையும் எடுத்தாச்சு."

"ஞாபகத்தையா?"

"எல்லாக் குழந்தைக்கும் இப்ப அப்படித்தான் சார். நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

பதற்றத்தில் படித்துப் பார்க்காமலே போட்டிருந்தார்.

கண் விழித்த மகிழினி தன் கைக்கட்டை அதிசயமாகப் பார்த்தாள்.

"அப்பாவை மன்னிச்சிடும்மா" என்றார் தணிகாசலம்.

"எதுக்குப்பா?"

அவர் திகைத்தார். சொல்லாவிட்டால் அவளுக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. சொன்னாலோ, எடுத்துவிட்ட பயத்தைத் தானே திருப்பிக் கொடுத்ததாகிவிடும். எது சரி என்று விளங்காமலே மெல்லச் சொல்ல ஆரம்பித்தார். ஊஞ்சலைச் சொன்னார், அவள் கத்தியதைச் சொன்னார், தான் சிரித்ததையும் சொன்னார்.

மகிழினி கதை கேட்பதுபோல் கண்கள் விரியக் கேட்டாள். அவள் முகம் வாடிவிட்டது.

"பாவம்ப்பா அந்தப் பாப்பா. முதல்ல அவகிட்டப் போய் ஸாரி கேட்டுட்டு வாங்க."