இன்னொருவர் பயன்படுத்துகிறார்

லேப்டாப் மென்பொருளைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று அறிவியல் டீச்சர் ஒரு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, வெளியூரில் இருந்த தம்பியைப் போனில் பிடித்துக்கொண்டு ஒருவழியாக உட்கார்ந்தாள்.

அவன் சொன்ன பட்டனை அழுத்தியதும் திரையில் ஓர் எச்சரிக்கை வந்தது.

‘சின்னு இந்தக் கணினியைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். இப்போது நிறுத்தினால், அவர் சேமிக்காதவை அழிந்துபோகும்.’

சின்னு என்பது தம்பிக்கு அவள் வைத்த செல்லப்பெயர். வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. இந்த லேப்டாப்பை அவன் தொட்டதுகூடக் கிடையாது.

அவள் விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“டேய், உன் பேரைப் போட்டிருக்குடா. எனக்கு என்னமோ சரியாப் படல. விட்டுடட்டுமா?”

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். “ஸ்கூல்ல எலும்புக்கூட்டோட குடித்தனம் நடத்துற, இதுக்குப் போய் பயப்படுறியே! நான் இங்க கால் மேல கால் போட்டு டீ குடிச்சிட்டிருக்கேன். நீ தைரியமா அமுக்குக்கா.”

அமுக்கினாள். திரை இருண்டது. போனில் சிரிப்பு பாதியில் நின்றது.

“சின்னு? லைன்ல இருக்கியாடா?”

கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதே குரல் மரியாதையாகக் கேட்டது.

“சொல்லுங்க, யாரு பேசுறீங்க?”

“விளையாடாதடா. அக்காடா.”

“தப்பான நம்பருங்க. எனக்கு அக்கா யாரும் கிடையாது.”

போன் துண்டிக்கப்பட்டது. அதே நம்பரை அவள் மறுபடி அழுத்துவதற்குள் திரையில் வெளிச்சம் வந்தது.

‘வணக்கம். எல்லாம் நீங்கள் விட்ட இடத்திலேயே இருக்கின்றன.’