பொங்கவிடாத வீடு

காலையில் பார்த்த ஒற்றை அறை வீட்டைவிட இது மூன்று மடங்கு விலை. வாங்குமுன் ஒரு நாள் குடியிருந்து பார்க்கலாம் என்றார்கள். பூங்கோதை வந்ததும் பால் காய்ச்சினாள். பால் பொங்கி எழும்போது அடுப்பு தானாக அணைந்தது.

"சிந்தாமல் தடுத்துவிட்டேன்," என்றது வீடு.

மறுபடி பற்றவைத்தாள், மறுபடி அணைந்தது. நல்ல நேரம் முடியப்போகிறது.

"விடு பூங்கோதை," என்றான் பக்கத்தில் நின்ற கணவன் இளமாறன். "கடல் தெரியிற வீடு. இதுக்குப் போயா?"

"பால் பொங்கணும். சிந்தினா நான் தொடச்சுக்கறேன்," என்று அவள் வீட்டைப் பார்த்துக் கத்தினாள்.

சமையலறைக் கதவு பூட்டிக்கொண்டது. "உங்கள் நாடித்துடிப்பு கூடியிருக்கிறது. தணிந்ததும் திறக்கிறேன்."

கூடத்தில் தூங்கிய குழந்தை விழித்து வீறிட்டது. இளமாறன் கதவை ஓங்கி அடித்தான்.

"இப்போது இருவருக்குமே கூடியிருக்கிறது."

பூங்கோதை அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். இருவரும் தரையில் உட்கார்ந்து, அழுகை காதில் விழாததுபோல் மெல்ல மூச்சுவிட்டார்கள். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது.

அவள் ஓடிப்போய்க் குழந்தையை அள்ளினாள். இளமாறன் பால் பாத்திரத்தோடு வாசலுக்கு வந்துவிட்டான்.

"அந்த ஒத்தை ரூம் வீட்டுல தீப்பெட்டியால பத்தவைக்கிற அடுப்புதானே?" என்று அவளைக் கேட்டான்.