கீழ்த்தட்டு

பூவின் நடுக்காம்பை வளைத்தான். ஒடிந்தது.

நேற்று வளைந்துகொடுத்தது. இன்று ஒடிகிறது. ஹாப்ஸ் பூ காய்ந்துவிட்டது.

கராஜுக்குள் வெயில் வராது. இரண்டு நாற்காலிகளின் மேல் பழைய ஜன்னல் வலை. வலையின் மேல் பூக்கள். அடியில் ஒரு மேசை விசிறி. வெளிர்ப்பச்சைப் பூக்கள், காகிதத்தில் செய்ததுபோல். கிள்ளினால் விரலில் மஞ்சள் தூள் ஒட்டும். எலுமிச்சைத் தோலின் மணம். நாக்கில் வைத்தால் கசப்பு.

அவனுக்கு அந்தக் கசப்புதான் வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை வீட்டிலேயே பீர் போடுவான்.

தோட்டத்தில், கொடி ஏறிய கயிறுகள் வெறுமனே தொங்கின. கொடியைத் தரையோடு அறுத்த அன்று அம்மா போனில் பார்த்துக்கொண்டிருந்தாள், திருச்செங்கோட்டிலிருந்து.

“என்னப்பா அது, பாவக்காப் பந்தலா?”

“பாவக்காய்க்கு அண்ணன்மா. இன்னும் கசக்கும்.”

“அதையும் காசு குடுத்துக் கசக்கக் கசக்கக் குடிக்கறீங்க பாரு. இப்படி ஒட்ட அறுத்துட்டியே, செத்துராதா?”

“வேர் சாகாதும்மா. சித்திரையில மறுபடி வரும்.”

அவன் மனைவி கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போனை அவள் பக்கம் திருப்பச் சொல்லி அம்மா கேட்கவில்லை.

காய்ந்த பூவை வெளியே விட்டுவைக்கக் கூடாது. வெளிச்சம் ஆகாது. சூடு ஆகாது. காற்றில் நாள்பட்டால் திரிந்த பாலின் வாடை வரும். பையில் அழுத்தி, காற்றை உறிஞ்சி எடுத்து, உடனே ஃப்ரீசரில் வைக்க வேண்டும்.

அழுத்தினான். இயந்திரம் காற்றை உறிஞ்சியது. பூக்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல்போல் இறுகின.

ஃப்ரீசரின் மேல்தட்டில் தேங்காய்த் துருவல், கறிவேப்பிலை, முருங்கைக்காய். இடமில்லை.

நடுத்தட்டில் மீன்.

கீழ்த்தட்டு ஹாப்ஸுக்கு. போன வருடம் அப்படித்தான்.

இழுத்தான்.

பால்.

தட்டையாக உறைந்த பைகள். புத்தகங்களை அடுக்கியதுபோல் நின்றன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் மனைவி எழுதிய தேதி.

மகள் குறைமாதத்தில் பிறந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய் வழியாகக் குடித்தாள். சொட்டுச் சொட்டாக. இவள் வீட்டில் பால் எடுத்து எடுத்து உறைய வைத்தாள். வீட்டுக்கு வந்ததும் குடிப்பாள் என்று.

கடைசிப் பையின் தேதி, புதைத்துவிட்டு வந்ததற்கு மறுநாள்.

அன்றும் பால் சுரந்தது.

அன்று காலைதான் அவன் அம்மாவைக் கேட்டான். ஊரில் என்றால் மறுநாள் போய்ப் பால் தெளிப்பார்கள். இங்கே என்ன செய்வது.

“பச்சப் புள்ளைக்குப் பால் தெளிக்கற வழக்கமில்லப்பா. அதெல்லாம் பெரியவங்களுக்கு. சும்மா இருங்க.”

சும்மா இருந்தார்கள். கோடை முழுவதும்.

கீழ்த்தட்டை மூடினான். ஹாப்ஸ் பைகளைத் துணிப்பைக்குள் போட்டான். பின்தெருவில் ஒருவர் பீர் போடுவார். கொடுத்தால் வாங்கிக்கொள்வார்.

திரும்பியபோது அவள் கதவருகே நின்றாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

“எங்க கொண்டு போற?”

“பின்தெருவுல குடுத்துரலாம்னு.”

“ஏன்?”

“இடமில்ல.”

அவள் அவனைத் தாண்டிப் போனாள். குனிந்தாள். பால் பைகளை எல்லாம் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். கீழ்த்தட்டு திறந்தே கிடந்தது.

அவன் உள்ளே போனபோது பெரிய குண்டாவில் தண்ணீர் இருந்தது. பைகள் அதில் மிதந்தன. கொதிநீர் கூடாது, வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தது.

இருவரும் காத்திருந்தார்கள்.

இளகியதும் பைகளின் மூலையைக் கத்தரித்தாள். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்தாள். ஒரு சொட்டை மணிக்கட்டின் உள்பக்கம் விட்டுப் பார்த்தாள்.

அவன் சிங்க்கில் கிடந்த தட்டுகளை எடுத்து ஓரமாக வைத்தான்.

அவள் சிங்க் பக்கம் வரவில்லை. பின்கதவைத் திறந்தாள்.

கயிறுகளின் கீழே, தரையோடு தரையாக, அறுத்த கொடியின் அடி. விரல் தடிமன். வெட்டுவாய் காய்ந்து கறுத்திருந்தது. அவள் அங்கே போய் நின்றாள். அவன் வரும்வரை நின்றாள். பாத்திரத்தை அவனிடம் நீட்டினாள்.

வாங்கினான். சாய்த்தான்.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“ஊத்தாத.”

அவன் பார்த்தான்.

“தெளி.”

அவன் பாலில் கையை நனைத்தான். விரலிடுக்கில் இன்னும் மஞ்சள் தூள்.

பாத்திரம் காலியாக வெகுநேரம் ஆயிற்று. இடையில் ஒருமுறை அவளும் கையை விட்டாள்.

முடிந்ததும் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். இருவருக்கும் தெரியும். அவன் முன்னால் நடந்தான். அவள் பின்னால் வந்தாள்.

படியருகே அவள் காலடிச் சத்தம் நின்றது.

“வேர் சாகாதுன்னு சொன்னல்ல?”

அவன் பதில் சொல்வதற்குள் அவள் திரும்பிப் பார்த்துவிட்டாள்.