காயாத கைநாட்டு

லாக்கப்பில் அடித்தே கொன்றவனை, விசாரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டதாக எழுதச் சொன்னார் இன்ஸ்பெக்டர். ஸ்டேஷன் ரைட்டர் நான்; எழுதினேன். தினமும் காலையில் அவன் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றும் எழுதி, மூன்று நாள் கையெழுத்தையும் நானே போட்டேன். கை கூசவில்லை. பழக்கம்தான்.

மூன்றாம் நாள் அவனைப் பெற்றவள் வந்தாள். நோட்டைக் காட்டினேன்.

"பாரும்மா, தினமும் வந்துட்டுத்தான் போறான். வீட்டுக்கு வரலேன்னா நாங்க என்ன பண்றது?"

"அவனுக்கு எழுதவே தெரியாதே சார். கைநாட்டுதான்."

இன்ஸ்பெக்டர் அவளை நாளைக்கு வரச் சொல்லி விரட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மடையா, உன் விரலையாவது வெச்சுத் தொலை."

காலையில் வைத்துக்கொள்ளலாம் என்று மைப்பெட்டியை மேசைக்குள் பூட்டிவிட்டுப் போனேன்.

மறுநாள் நோட்டைத் திறந்தால், என் மூன்று கையெழுத்துக்கும் பக்கத்தில் ஒவ்வொரு கைநாட்டு இருந்தது. அன்றைய தேதிக்கும் ஒன்று. மைப்பெட்டி பூட்டினபடியே கிடந்தது.

"இப்பதான் உருப்படியா ஒரு வேலை செஞ்சிருக்கே" என்று என்னைத் தட்டிக்கொடுத்தார் இன்ஸ்பெக்டர். அவள் வந்ததும் நோட்டை அவரே நீட்டினார். "நல்லா பாத்துக்கோ, கைநாட்டு."

அவள் விரலால் தொட்டாள். ஒட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்து பார்த்தாள்.

"இது மை இல்லையே. ஈர மண்ணு. எங்கய்யா வெச்சிருக்கீங்க என் புள்ளைய?"

 இன்ஸ்பெக்டரின் கண் தானாகக் கொல்லைப்பக்க ஜன்னலுக்குப் போனது.

அவள் அதைப் பார்த்துவிட்டாள்.