பாராட்டு வாங்கிய புறா

ஒரு வீட்டு ஜன்னல் சன்ஷேடில் புறா ஜோடி ஒன்று முட்டை இட்டிருந்தது. ராத்திரி முழுக்கப் பெண்புறா அடைகாக்கும். வெயில் ஏறியதும் ஆண்புறா வந்து உட்காரும். பெண்புறா இரை தேடப் போகும்.

அன்றைக்கு ஆண்புறா அடைகாப்பதை ஒரு காக்கா பார்த்துவிட்டது.

"அடேங்கப்பா! பொண்டாட்டிக்கு இவ்வளவு ஒத்தாசையா? தங்கமான புருஷன்யா நீ!"

ஆண்புறாவுக்குக் கழுத்து உப்பிவிட்டது. எழுந்து ஓரத்துக்கு வந்து, தான் படுகிற பாட்டையெல்லாம் விலாவாரியாகச் சொன்னது. கேட்க மைனாவும் வந்து சேர்ந்தது.

பெண்புறா திரும்பி வந்து பார்த்தால் முட்டை சில்லென்று இருந்தது. பதறிப்போய் மேலே உட்கார்ந்து இறக்கையால் மூடிக்கொண்டது.

"காக்கா என்னைப் புகழ்ந்துச்சு, புள்ள," என்று இழுத்தது ஆண்புறா.

"விடியக்காலையில நான் உட்கார்ந்திருக்கும்போதும் அது இந்த வழியாத்தான் போச்சு. என்னை ஒண்ணும் சொல்லலை. நல்லவேளை! சொல்லியிருந்தா நானும்ல எழுந்து போயிருப்பேன்."

சாயங்காலம் முட்டைக்குள் லேசாக ஓர் அசைவு தெரிந்த பிறகுதான் இரண்டுக்கும் மூச்சு வந்தது.

மறுநாள் உச்சிவெயிலில் காக்கா மறுபடி வந்தது. "என்ன மாப்ளே, இன்னைக்கும் ஒத்தாசையா? இங்க வா, மைனாவும் வந்திருக்கு!"

"அப்புறம் வாங்கண்ணே," என்றது ஆண்புறா, உட்கார்ந்தபடியே. "இப்ப எழுந்திருக்க முடியாது."