துணிக்கடியில் ஜெனிவால்டோ

“அந்தத் தொடர்ல கடலா நடிச்சது நான்தாம்மா. ரியோ நகரமே என் முதுகுல மிதந்துச்சு,” என்றார் ஜெனிவால்டோ.

தொடரின் இருபதாம் ஆண்டு விழாவுக்கு நடிகர் பட்டியல் எடுக்க லூரிவால் வீட்டுக்கு வந்திருந்த ஜுசாரா பேனாவை மூடினாள். “சாட்சி இல்லாம பேர் சேர்க்க முடியாதுங்க ஐயா.”

நாயகனாக நடித்த லூரிவால் காபியை உறிஞ்சியபடி சிரித்தார். “அந்தப் பழைய தொடரை ஒரு பாழடைஞ்ச அரங்கத்துக்குள்ள எடுத்தோம்மா. கடல்னா நீலத் துணி. அடியில குனிஞ்சு அதை ஆட்டினது யாருன்னு யார் பாத்தா? இவன் சும்மா அளக்குறான்.”

ஜெனிவால்டோ அமைதியாகக் கேட்டார். “நீ மூழ்கிச் சாகுற காட்சியில உன் உள்ளங்கால்ல கிச்சுகிச்சு மூட்டினது யாருடா?”

லூரிவால் அலமாரியிலிருந்த விருதை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“பேரை எழுதிக்கோம்மா,” என்றார். “அந்தத் துடிப்புக்குத்தான் இதைக் கொடுத்தாங்க.”